ஊரெல்லாம் கூப்பிடும் நாய்

தென்காசியில் என் நாயை எல்லோரும் கூப்பிடுகிறார்கள். டீக்கடையில் நிற்கும் ஒருவர் எதிர்ப்பக்கம் போகிற சிநேகிதனைப் பார்த்து "ஏலே, இங்கன வாலே" என்கிறார். என் நாய் காதைத் தூக்குகிறது. மினி பஸ் படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் "சீக்கிரம் வாலே" என்று யாரையோ விரட்டுகிறார்; வந்த புதிதில் என் நாய் உடனே கிளம்பிவிடும். ஓடிப்போய்க் கூப்பிட்ட ஆளின் காலடியில் ஒழுங்காக உட்கார்ந்து, தின்ன ஏதாவது தருவார் என்று அண்ணாந்து பார்ப்பான். கிடைப்பது ஒரு "ச்சீ". சில சமயம் ஒரு உதை. ஆமாம், ரஸ்டியை நான் 'அவன்' என்றுதான் எழுதுவேன். பொறுக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தப்பு என்னுடையது. அயர்லாந்தில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பதினாலு வருடம் நர்ஸ் வேலை பார்த்தேன். அங்கேதான் காப்பகத்திலிருந்து அவனைக் கூட்டிவந்தேன். மூக்கு இழுத்த பக்கமெல்லாம் போகிற நாய். கடற்கரையில் கயிற்றை அவிழ்த்துவிட்டால் அவன் உலகத்தில் நான் இல்லை. கடல்காக்கை உண்டு, செத்த நண்டு உண்டு, அடுத்தவர் கையில் இருக்கும் சாண்ட்விச் உண்டு. பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி, இந்தக் கடற்கரையில் வேறு யாரும் சொல்லாத சொல் ஒன்றை அவனுக்கென்று வைத்துக்கொள் என்றாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வாலே!" என்று கத்தினேன். ஊரை விட்டு வந்தபின் வாய் நிறைய நான் சொன்ன முதல் சொல் அதுதான்.

அவள் முகம் சுருங்கியது. "ஏன் அவனைத் திட்டுகிறாய்? ஹாப்பி வாய்ஸ், ப்ளீஸ்" என்றாள். திட்டவில்லை, எங்கள் ஊரில் பிரியமே இந்தக் குரலில்தான் வரும் என்றேன். தலையாட்டினாள், நம்பவில்லை. அடுத்த வாரம் மனதை அமைதியாக வைத்துக்கொள்வது பற்றிய வகுப்பு ஒன்றின் நோட்டீஸைக் கையில் திணித்தாள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அன்றைக்குத்தான். ஆனாலும் ஒரு நல்ல வித்தையையும் அவளே சொல்லித்தந்தாள். சொல்லுக்கு மசியவில்லையா, சட்டென்று குனிந்து குத்தவைத்து இரண்டு கையையும் விரி என்றாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ரஸ்டி அதைப் பார்த்தால் மணலைக் கிளப்பிக்கொண்டு வந்து என் நெஞ்சில் மோதுவான்.

நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனபின் வேலையை விட்டுவிட்டு, அவனோடு தென்காசியில் தம்பி வீட்டு மாடிக்கு வந்தேன். வந்த முதல் வாரமே ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ யாரையோ "வாலே" என்றான். என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடிய நாய்க்கு ஒரு சாண் தள்ளி செங்கோட்டை பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். தம்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"எக்கா, இன்னொரு தடவ இப்பிடி ஓடுச்சுன்னா சங்கிலியில கெட்டிப் போட்டுருவேன். பெறவு என்னயக் கொற சொல்லாத."

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளே இரும்புச் சங்கிலி ஒன்றை வாங்கிவந்து கேட் கம்பியில் மாட்டிவைத்தான். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் நாய் உண்டு. மூன்றும் சங்கிலியிலேயே பிறந்ததுபோலக் கிடக்கின்றன. இரண்டடி நடை, இரண்டடி திரும்பல், அவ்வளவுதான் அவற்றின் ஆயுள். காவலுக்காம். ரஸ்டியை அப்படிப் பார்ப்பதற்கா கடல் தாண்டிக் கொண்டுவந்தேன்? 

ஆகவே சொல்லைக் கைவிட்டேன். ஊர் முழுக்கப் புழங்கும் சொல்லை ஒரு நாய்க்கு மட்டும் என்று எப்படி வேலி கட்ட முடியும்? குனிவது மட்டும்தான் மிச்சம். ஊருக்கு மேற்கே தரிசாகக் கிடந்த வயலுக்குக் காலையில் அவனைக் கூட்டிப்போனேன். துணி காயப்போடும் நீளக் கயிற்றைக் கழுத்தில் கட்டிவிட்டு, அவித்த ஈரல் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து குத்தவைத்துக் கையை விரிப்பேன். மயில் அகவும், அந்தப் பக்கம் போவான். ஆடு கத்தும், அந்தப் பக்கம் போவான். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபடியும் குனிவேன். பக்கத்து வயல்காரர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், இரண்டு நாள் பார்த்துவிட்டு வரப்பேறி வந்தார்.

"என்னம்மா தேடுத? கம்மல் திருகு விழுந்துட்டோ?" என்று கேட்டுக்கொண்டே அவரும் குனிந்து தரையைத் துழாவினார்.

"இல்ல அண்ணாச்சி, நாயக் கூப்பிடுதேன்."

"குனிஞ்சா நாய் ஓடத்தானம்மா செய்யும்? கல்லெடுக்கோம்னுல்லா நெனைக்கும்."

"இவன் அயர்லாந்து நாய். இவனுக்குக் கல்லு தெரியாது."

"தெரிஞ்சுக்கிடும்" என்றார் அவர், மழை வரும் என்பதுபோல. எனக்குச் சுருக்கென்றது. அவன் எதற்குக் கல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. நானும் இந்த ஊரில் வளர்ந்தவள்தான். பள்ளிக்கூடம் போகிற வழியில் குறி தப்பாமல் எறிகிறவள் என்று எனக்குப் பெயரே உண்டு.

இரண்டு மாதத்தில் கயிற்றை அவிழ்த்தேன். மயிலையும் ஆட்டையும் விட்டுவிட்டு வந்தான். தெரிந்த வயலில் வருவது பெரிதில்லை, தெரியாத இடத்திலும் வர வேண்டும். அப்போதுதான் சங்கிலி கேட்டிலிருந்து இறங்கும். சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு ஆட்டோவில் அழைத்துப்போனேன். அருவிக்கூட்டத்துக்கு எட்டாத ஒரு தோப்பு. தூவானம் விழுந்துகொண்டிருந்தது. மரத்தில் குரங்குகள், அடுப்பு மூட்டி பிரியாணி கிண்டும் சுற்றுலாக் கூட்டம், எண்ணெய் வாசம், எலும்பு. அவன் மூக்குக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. அவிழ்த்துவிட்டுக் குனிந்தேன். குரங்கை விட்டுவிட்டு வந்தான். மறுபடி குனிந்தேன். எலும்பை விட்டுவிட்டு வந்தான். மூன்றாவது தடவை வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலாவது தடவைக்கு முன்னால் தோப்பு நாய்கள் மூன்று வந்துவிட்டன. அவனைச் சுற்றி வளைத்துக்கொண்டு உறுமின. ஒன்று பின்னங்காலைக் கவ்வப் பார்த்தது. பிரியாணிக் கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தார்கள். "ஃபாரின் நாய்க்கும் லோக்கல் நாய்க்கும் ஃபைட்டு" என்றான் ஒருத்தன். அவனை அறைந்திருக்க வேண்டும். இன்னொருத்தன் "அக்கா, கல்லெடுத்து எறிங்க!" என்று கத்தினான்.

நான் குனிந்தேன். விரலுக்குக் கல் தட்டுப்பட்டது. பதினாலு வருடம் ஊசியும் மருந்தும் பிடித்த கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மூன்றில் பெரியதைக் குறிவைத்து வீசினேன்.

ஆனால் நான் குனிந்ததை ரஸ்டி பார்த்துவிட்டான். குனிந்தால் வர வேண்டும் என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன்? மூன்று நாய்களையும் பிளந்துகொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, நேராக என்னிடம் ஓடிவந்தான். கல் அவன் தோளில் பட்டது. அவன் கத்தவில்லை. நின்று, கீழே விழுந்த கல்லை மோந்து பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். மற்ற மூன்றும் எப்போதோ ஓடிவிட்டிருந்தன.

எலும்பில் ஒன்றுமில்லை, வீக்கம் வற்றிவிடும் என்றார் கால்நடை டாக்டர். வற்றியும் விட்டது. இப்போது ரஸ்டி கேட்டைத் தாண்டுவதில்லை. கேட் திறந்தே கிடக்கிறது. தம்பிக்கு ரொம்பத் திருப்தி. "பாத்தியா எக்கா, பயம் வந்துட்டுல்லா, இனி எங்கயும் ஓடாது. சங்கிலியே வேண்டாம்" என்றான். வாயை மூடுடா என்று கத்தினேன். அவன் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வெளிநாடு போய்வந்தபின் எனக்குக் கோபம் கூடிவிட்டது என்று தெருவில் பேச்சு. அயர்லாந்துக்காரி நோட்டீஸ் கொடுத்தாள், இவர்கள் அதுவும் கொடுக்கவில்லை. யார்மேல் கோபம் என்று இரண்டு ஊரிலும் யாரும் கேட்கவில்லை. படம் எடுத்தவன்மேலும் கல்லெடுக்கச் சொன்னவன்மேலும் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இந்த வலதுகைமேல் உள்ளது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

இன்று காலை அவனைத் தூக்காத குறையாக வயலுக்குக் கூட்டிப்போனேன். இருபதடி தள்ளிப் போய்க் குனிந்து குத்தவைத்தேன். அவன் பின்னால் நகர்ந்தான், எங்கள் தெரு நாய்கள் நகர்வதுபோலவே, வாலை ஒடுக்கிக்கொண்டு. இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ஒன்றுமில்லைடா, பார், ஒன்றுமே இல்லை. ஒரு அடி முன்னால் வந்தான். அப்போது ரோட்டிலிருந்து யாரோ யாரையோ "ஏலே, இங்கன வாலே" என்று கூப்பிட்டார்கள். அவன் காது அந்தப் பக்கம் திரும்பியது. கண் என் கையில் இருந்தது. அங்கேயும் போகவில்லை, இங்கேயும் வரவில்லை. நடு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கையை விரித்தபடி நானும் உட்கார்ந்திருந்தேன்.