கேட்டில் தொங்கிய ஜெர்மன் நம்பர்

அந்தக் கார் செல்வநாதன் பிறப்பதற்கு முன்பே விலைபோய்விட்டது. அவர் அதில் ஏறியதில்லை. தொட்டதுகூட இல்லை. இருந்தும் ஐம்பத்தொன்பது வயதுவரை அது தன்னுடையது என்றுதான் அவருக்கு நினைப்பு.

முதல் நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரங்களைப் பூட்ட ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு இன்ஜினியர் தன் ஓப்பல் காரையும் கப்பலில் கொண்டுவந்தார். அதற்கு டிரைவர் செல்வநாதனின் அப்பா ஞானாதிக்கம். ஸ்டியரிங் இடதுபக்கம். அப்பா இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுவார், இன்ஜினியர் வலதுபக்கம் இருப்பார். எதிரில் வருகிறவர்கள் பழக்கத்தில் வலதுபக்கம் பார்த்து, வெள்ளைக்காரரே ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"நாலு வருசம் ஓட்னது நானு. ஓட்னான்னு பேரு அவனுக்கு" என்பார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார்.

இன்ஜினியர் ஊர் திரும்பும்போது காரை நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி ஒருவருக்கு விற்றுவிட்டார். இந்திய நம்பர் போட வேண்டும் என்பதால் ஜெர்மன் தகடுகளை அப்பாதான் கழற்றினார். பின்பக்கத் தகட்டை இன்ஜினியர் ஞாபகத்துக்கு எடுத்துப் போனார். முன்பக்கத் தகட்டை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அலுமினியத் தகடு. வெள்ளையின் மேல் கறுப்பு எழுத்து, அச்சில் அழுத்திப் புடைக்க வைத்தது.

குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அப்பா அந்தத் தகட்டின் பின்பக்கத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்து, வெள்ளையில் தன் பெயரை எழுதி, கேட்டில் மாட்டினார். சுரங்க டவுன்ஷிப்பில் யாரும் பெயர்ப்பலகையைக் கடையில் வாங்குவதில்லை. கையில் கிடைத்த தகரம், பலகை, மூடி எதிலாவது எழுதி மாட்டுவார்கள். வீட்டைக் காலி செய்யும்போது பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவார்கள். அப்பா ஓய்வு பெற்ற பிறகு பலகை மகனின் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வந்தது. செல்வநாதன் அப்பாவின் பெயருக்கு மேல் ஒரு கோட் பெயின்ட் அடித்துத் தன் பெயரை எழுதினார். அப்பா முன்னெழுத்தானார்.

எத்தனை கோட் அடித்தாலும் பெயருக்கு அடியில், முன்பக்கம் புடைத்த எழுத்துகளின் குழிகள் தெரிந்தன. சின்ன வயதில் அந்தக் குழிகளில் விரலை விட்டு, வலமிருந்து இடமாக வாசித்துப் பழகியிருந்தார். எச்.எல். சி 417. எச்.எல். என்றால் லூபெக் என்ற ஊர் என்று அப்பா சொல்லியிருந்தார்.

செங்குட்டுவன் குறிஞ்சிப்பாடிக்காரர். ஐ.டி.ஐ.யில் செல்வநாதனுக்குப் பக்கத்து இடம். செல்வநாதனுக்குச் சுரங்க வேலை பர்மனென்ட் ஆனது, செங்குட்டுவனுக்கு ஆகவில்லை. பல வருடம் கான்ட்ராக்டில், நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை அள்ளினார். அந்த நாட்களில் கல்யாண வீட்டில் செல்வநாதனைக் கண்டால் எழுந்து தன் நாற்காலியைக் கொடுப்பார். செல்வநாதன் உட்கார்ந்துகொள்வார். பிறகு செங்குட்டுவன் ஒரு லாரி வாங்கினார். அது நான்கானது. வடலூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்தார். செல்வநாதன் அதே பெல்ட் செக்‌ஷனில் அதே ஷிப்டுக்குப் போய்வந்தார்.

ஓப்பல் வந்துசேர்ந்தது அந்த ஒர்க்‌ஷாப்புக்குத்தான். நெல்லிக்குப்பத்தில் பம்ப்செட் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை செங்குட்டுவன் வாங்கி வந்திருந்தார். செல்வநாதன் போய்ப் பார்த்தபோது பானட்டைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"வாடா செல்வநாதா. பாத்தியா, உங்கப்பா வண்டி."

செங்குட்டுவன் சந்தோஷமாகத்தான் சொன்னார். செல்வநாதனுக்கு வயிறு எரிந்தது. என் அப்பா வண்டி என்று எனக்கு இவன் சொல்கிறான்.

ஒரு வருடத்தில் கார் எழுந்து நின்றது. பழைய இளம்பச்சை நிறம் திரும்ப வந்தது. புதுச்சேரியில் பழைய கார்களுக்கு ஒரு கண்காட்சி. பம்பர், ஹெட்லைட், சீட் துணி எல்லாம் கார் தயாரான வருடத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். செங்குட்டுவனிடம் எல்லாம் இருந்தது. ஜெர்மன் நம்பர் தகடு மட்டும் இல்லை; முன்பக்கத்துக்காவது ஒன்று வேண்டும்.

"ஒன்கிட்ட போட்டோ எதனா இருக்கா? நம்பர் தெரிஞ்சா அச்சு அடிச்சிக்கலாம்."

செல்வநாதன் ஒரே ஒரு போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். காருக்கு முன்னால் அப்பா வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். நம்பர் அவருடைய முழங்காலுக்குப் பின்னால் இருந்தது.

"ஒரு அடி தள்ளி நின்னிருக்கக் கூடாதா உங்கப்பா" என்றார் செங்குட்டுவன்.

செல்வநாதன் அப்பாவின் முழங்காலைப் பார்த்து உள்ளுக்குள் நன்றி சொன்னார்.

முதலில் இன்டர்நெட்டில் ஒரு தகடு வரவழைத்தார்கள். இடது ஓரத்தில் நீலப் பட்டை, அதில் மஞ்சள் நட்சத்திர வட்டம்.

"இது இப்ப ஓட்ற காருக்குப் போடறது. இந்த வண்டி கப்பல்ல வந்தப்ப அந்த நட்சத்திரமே கெடையாது" என்றார் செல்வநாதன்.

அடுத்து கடலூரில் எழுதச் சொன்னார்கள். எழுத்து அழகாக இருந்தது. தட்டையாக இருந்தது.

"தடவிப் பாரு. மேடு இல்ல. அந்தக் காலத்து ஜெர்மன் தகடு தடவுனா கைக்குத் தெரியும்."

"ஒனக்கெப்படிடா இவ்ளோ தெரியும்?"

"அப்பா சொல்லுவாரு."

ஒவ்வொரு வாரமும் லீவு நாளில் ஒர்க்‌ஷாப்புக்குப் போக ஆரம்பித்தார். குறை சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போது விரல்கள் தாமாகவே பலகையின் குழிகளுக்குப் போயின. அவனிடம் கார் இருக்கிறது, லாரிகள் இருக்கின்றன. இது இல்லை.

மனைவி மேரிசெல்வி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டா என்னங்க? ரிட்டையர் ஆனா இந்தக் கேட்டே நமக்கு இல்ல. அப்புறம் அத எங்க மாட்டப்போறீங்க, நெத்தியிலயா?"

"அது எம் பேரு."

"பேரு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இருக்கறது பொறாமை."

"அவனுக்குத்தான் எல்லாம் இருக்கே."

"அதையேதான் நானும் சொல்றன்" என்று உள்ளே போனாள்.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் செங்குட்டுவன் போன் செய்தார். "வாடா. கெடச்சிட்டுது."

புதுச்சேரியில் பழைய சாமான் சேர்க்கிற ஒருவர் கொடுத்திருந்தார். அசல் தகடு. செல்வநாதன் கையில் வாங்கினார். நீலப் பட்டை இல்லை. எழுத்து புடைத்திருந்தது. நடுவில் அந்த ஊர் முத்திரை ஒட்டியிருந்த வட்டத் தழும்பு. ஓரத்தில் லேசான துரு நிறம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை கிடைக்கவில்லை.

"இது எஸ்ஸென்ங்கற ஊரு நம்பராம். வருசம் சரியா இருக்குது. போதும்" என்றார் செங்குட்டுவன்.

"இந்த வண்டியோட நம்பர் இல்லையே."

"அது யாருக்குத் தெரியும்? ஜட்ஜுக்குத் தெரியுமா? ஒனக்குத் தெரியுமா?"

செங்குட்டுவன் தகட்டைப் பம்பரில் வைத்துப் பார்த்தார். தகட்டின் துளைகளும் பம்பரின் துளைகளும் ஒரு விரல் அகலம் விலகியிருந்தன.

"பம்பர்ல புதுசா ரெண்டு ஓட்ட போட்டாப் போச்சு" என்று டிரில்லை எடுத்து வயரைச் செருகினார்.

அப்பா கழற்றிய துளைகள் அங்கேயே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் டிரில்லின் நுனி வந்து நின்றது. வேறு யாரோ ஓட்டிய காரின் நம்பர். கண்காட்சியில் எல்லாரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு இது அப்பா ஓட்டிய வண்டி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தகடு செங்குட்டுவனுக்குக் கிடைப்பது ஒரு எரிச்சல். காருக்கு வேறு நம்பர் கிடைப்பது அதைவிடப் பெரிய எரிச்சலாக இருந்தது.

"நிறுத்து" என்றார். "வரேன். தொடாத."

மொபெட்டில் போனார். கேட்டில் ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. மேரிசெல்வி தேங்காய் எண்ணெய் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

செங்குட்டுவன் பலகையை வாங்கி வாசித்தார். "ஞா. செல்வநாதன். இது ஒன் வூட்டு போர்டுடா."

"திருப்பு."

திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். மேடு கைக்குத் தெரிந்தது.

"இத கேட்ல மாட்டிக்கினுதான் எங்கிட்ட வந்து நீலப்பட்ட, நட்சத்திரம்னு நக்கல் பண்ணிக்கினு இருந்தியா?"

"ஆமா."

"நாய் மாதிரி அலஞ்சன்டா ஊரூரா."

"தெரியும்."

"வயித்தெரிச்சல்."

"ஆமா."

செங்குட்டுவன் டிரில்லை ஓரமாக வைத்தார். "நீ பர்மனென்ட் ஆனப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். நீ நாற்காலி குடுப்பியே, அப்பவே தெரியும்."

செங்குட்டுவன் சிரித்துவிட்டார். "தெரிஞ்சிக்கினேவா ஒக்காந்த?"

"ரெண்டு விஷயம்" என்றார் செல்வநாதன். "பின்னாடி பெயின்ட்ட சொரண்டக் கூடாது. மாட்டறது நான்."

"மாட்டு."

தரையில் மல்லாந்து படுத்து மாட்டினார். இரண்டு ஸ்க்ரூவும் பழைய துளைகளில் நேராக இறங்கின. அவர் பெயர் உள்பக்கம் போனது. அதற்கு அடியில் எங்கோ அப்பாவின் பெயரும். எழுந்து எதிரில் நின்று பார்த்தார். முதல்முறையாக அந்த எண்ணை இடமிருந்து வலமாக, காரின் மேல் வாசித்தார். எச்.எல். சி 417. அது இப்போது செங்குட்டுவனின் காரில் இருந்தது.

"ஏறு, கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றார் செங்குட்டுவன்.

செங்குட்டுவன் இடதுபக்கம் உட்கார்ந்தார். அப்பா உட்கார்ந்த இடம். அப்பா பிடித்த வளையம். செல்வநாதன் வலதுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வாய்ப்பே வந்ததில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். செங்குட்டுவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். செல்வநாதன் அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

டீக்கடை வாசலில் அவரோடு ஷிப்ட் பார்க்கிற தனகோட்டி நின்றிருந்தான். கண்ணாடி டம்ளரோடு இரண்டு எட்டு ரோட்டுக்கே வந்துவிட்டான். பார்வை நேராக வலதுபக்கம் வந்தது.

"அண்ணே! கார் ஓட்ட எப்பண்ணே கத்துக்கினீங்க? சொல்லவே இல்லியே!"

செல்வநாதன் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கினார்.

"யோவ், ஓட்டறது நானுய்யா! இந்தப் பக்கம் பாரு!" செங்குட்டுவன் எட்டிக் கத்தினார். ஹாரனை அழுத்தினார். தனகோட்டி ஹாரனுக்கும் சேர்த்து செல்வநாதனைப் பார்த்துத் தலையாட்டினான். கார் கடந்துவிட்டது.

செங்குட்டுவனின் முகம் கடுகடுத்தது. "திரும்பி வரப்ப நிறுத்தி அவங்கிட்ட சொல்லணும்."

"சொல்லு" என்றார் செல்வநாதன். கையை இன்னும் இறக்கவில்லை.