எட்டு நிமிடத் தூரம்

"தள்ளு, தள்ளு, நானும் வர்றேன்!"

கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் லிஃப்டின் நாற்காலி முழங்காலின் பின்பக்கம் இடித்தது. மூவரும் விழுந்த மாதிரி உட்கார்ந்தார்கள். நடுவில் வந்து விழுந்தவர் முன்பின் தெரியாத ஒரு டச்சுக்காரர். நோட்புர்கா பல்லைக் கடித்துக்கொண்டு பாதுகாப்புக் கம்பியை இறக்கினாள். லிஃப்ட் நிர்வாகத் தலைவர் லோரென்ஸ் கஸ்ஸரோடு தனியாக ஏற வேண்டும் என்பதற்காகவே அரைமணி நேரம் வரிசையில் பின்வாங்கிப் பின்வாங்கி நின்றிருந்தாள்.

மேலே போக எட்டு நிமிடம். பத்தொன்பது குளிர்காலமாகப் பனிச்சறுக்கு கற்றுத்தருகிறாள். மகன் தன்னோடு பேசுவதில்லை என்று ஒரு வங்கி அதிகாரி இந்த நாற்காலியில் அழுதிருக்கிறார். கணவனை விட்டுவிடப் போவதாகச் சொன்ன ஒருத்தி, மேலே இறங்கியதும் அவனுக்கே கையசைத்தாள். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ' என்பது மலை வழக்கம். கீழே இறங்கினால் 'நீங்க'. அவளுடைய கதையை மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவளுக்குச் சறுக்கு ஆசிரியர் பயிற்சி கொடுத்ததே கஸ்ஸர்தான். அதுவும் பாதி இந்த லிஃப்டில். "அவசரப்படாதே, புர்க்கல்," என்பார், அவள் பெயரைச் செல்லமாகச் சுருக்கி. இன்றுவரை அதே அறிவுரை. இப்போது அவளுடைய வலது முழங்கால் போய்விட்டது. அடுத்த குளிர்காலம் சறுக்கக் கூடாது என்கிறார் டாக்டர். லிஃப்டை இயக்கும் அறையில் ஓர் இடம் காலியாகிறது. வருடம் முழுக்க வேலை. அது இல்லையென்றால் ஊரை விட்டு இன்ஸ்ப்ரூக் நகரத்தில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூட வேலைதான்.

"உனக்கென்னம்மா, சொர்க்கத்துலயே உத்தியோகம்!" என்றார் டச்சுக்காரர். "எங்க ஊர் ஒரே தட்டை, மலைன்னா அது பாலந்தான்."

ஐந்து நிமிடம் அவரே பேசினார். காற்று அடித்தது. லிஃப்ட் நின்றது. நாற்காலி ஆடியது. நோட்புர்கா டச்சுக்காரரின் மார்புக்குக் குறுக்கே சாய்ந்தாள்.

"லோரென்ஸ், அந்த இயக்கும் அறை வேலைய எனக்குக் குடு."

"இங்கயா கேக்கறே?"

"வேற எங்க? ஆபீஸ்ல உன்னப் பிடிக்க முடியுதா? என் முழங்கால் போச்சு."

"நீ நொண்டறது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

கஸ்ஸர் கீழே பார்த்தார். "சரி. உனக்குத்தான். போதுமா?" கையுறையோடு கையை நீட்டினார்.

"நான் சாட்சி!" என்றார் டச்சுக்காரர்.

மறுநாள் காலை எட்டரைக்கு நோட்புர்கா பள்ளத்தாக்கில் இருந்த அலுவலகத்துக்குப் போனாள்.

"உட்காருங்க," என்றார் கஸ்ஸர். "அந்த எடத்துக்குப் போன மாசமே ஆள் எடுத்தாச்சே. யாரும் சொல்லலையா?"

"நேத்து கை குடுத்தீங்க."

"லிஃப்டுல பேசினது லிஃப்டோட. இத்தன வருஷமா இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

ஒன்பதரைக்கு வகுப்புக்கு ஆறு பேர் வந்தார்கள். பதினொரு முறை மேலே போனாள். நான்காம் முறை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். நாலு மணிக்கு லிஃப்டை நிறுத்தினார்கள். வீட்டில் முழங்காலுக்கு ஐஸ் வைத்தாள். இன்ஸ்ப்ரூக் சலவைக்கூடத்துக்கு ஃபோன் செய்தாள். சனிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார்கள்.