ஏரிக்கரைக்கு இருபத்துமூன்று பேர்

என் அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் வீட்டில் விழித்திருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்பாவுக்கு, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த டண்டினோங்கில், கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றின் குசினியில் விடியற்காலைச் சமையல் வேலை. அம்மா வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அப்பா வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும்; நாங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில். சனிக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு. நானும் தம்பியும் தனியே இருக்கக்கூடாது என்பதற்காக நாட்களை இப்படிப் பங்குபோட்டிருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுக் காகிதத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். தம்பிக்கு இருமல் மருந்து கொடுத்தாயிற்று, பருப்புக்கறி கீழ்த்தட்டில் இருக்கிறது, இப்படி. எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம் என்று பத்து வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏரிப் பயணமும் அந்தக் கதவில்தான் தொடங்கியது. அப்பாவோடு வேலை செய்த கிரேக்கர் ஒருவர், கிப்ஸ்லாந்துப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் தன் பழைய கரவானை, காரில் இழுத்துப் போகும் அந்த வண்டிவீட்டை, வருஷம் முழுக்க நிறுத்தி வைத்திருந்தார். ஒரு சனி ஞாயிறு குடும்பத்தோடு போய் இருந்துவிட்டு வா என்று கதவுத் திறப்பைத் தர முன்வந்தாராம். நாலு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, வாசலில் நிழலுக்கு ஒரு துணிக்கூரை என்று அப்பா விபரமாக எழுதியிருந்தார். அம்மா அதற்குக் கீழே, 'எப்ப?' என்று மட்டும் எழுதினார்.

அந்த 'எப்ப'வுக்குப் பதில் கிடைக்க மூன்று மாதம் பிடித்தது. அப்பாவுக்கு லீவு கிடைத்த கிழமை அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கிடைத்தபோது தொழிற்சாலையில் அவசர ஓடர். கடைசியில் அம்மா தன்னுடன் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமையை மாற்றிக்கொண்டார். அதற்கு ஈடாக அவளுடைய மூன்று சனிக்கிழமைகளைச் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் ஒரு சனியும் ஞாயிறும் முடிவாயிற்று. அன்று அம்மா கலண்டரில் இரண்டு கட்டங்களையும் சேர்த்து ஒரே வட்டமாகப் போட்டார். பிறகு வந்த துண்டுகளில் சாமான் பட்டியல் ஓடியது. பாணும் சம்பலும் போதும், சமைக்கத் தேவையில்லை என்று அம்மா எழுதியதற்கு அப்பா மூன்று முறை 'ஓம்' போட்டிருந்தார். எங்களுக்கு ஒன்றும் விசேஷமாகச் சமைக்கப் போவதில்லையே என்று எனக்கு அதில் மனவருத்தம்கூட இருந்தது.

இனி என் திருவிளையாடல். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட இடைவேளையில், என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய், நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவர், விடுமுறைக்கு என்ன திட்டம் என்று கேட்டார். கரவானில் போய் ஏரிக்கரையில் தங்கப்போகிறோம் என்று கொஞ்சம் பெருமையடித்தேன்.

"தனியவோ போறியள்?" என்றார் அன்ரி.

அந்தக் கேள்வியில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. எங்கள் ஆட்களில் யாரும் எங்கும் தனியாகப் போவதில்லை. கடற்கரைக்குப் போனாலும் இரண்டு வான் நிறைய ஆள் வேண்டும். தனியாகப் போகிறவர்கள் ஒன்றில் கோபக்காரர், அல்லது கஞ்சர். போதாததற்கு, சாப்பிடும்போது யாராவது வந்தால் 'வாங்கோ, சாப்பிடுங்கோ' என்று சொல்ல வேண்டும் என அம்மாவே பழக்கியிருந்தார். ஆகவே சொன்னேன், "நீங்களும் வாங்கோ அன்ரி."

அன்று பின்னேரமே தொலைபேசி அடித்தது. அம்மா சுவரில் சாய்ந்து நின்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓமோம், பிள்ளை சொன்னவள்தானே. வாங்கோ, அதுக்கென்ன," என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு கதிரையில் உட்கார்ந்தார். எனக்கு ஏச்சு விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. அடுத்த கிழமைக்குள் அன்ரி தன் மச்சாளுக்குச் சொல்ல, மச்சாள் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல, எங்களோடு சேர்த்து ஆறு குடும்பம், இருபத்துமூன்று பேர் ஆனோம். அம்மா அதை எழுதி ஒட்டினார். மறுநாள் காலை அதற்குக் கீழே அப்பாவின் எழுத்தில் 'சரி' என்று ஒரு சொல் இருந்தது.

பாணும் சம்பலும் அத்தோடு போயின. அன்ரிமார் எங்கள் வீட்டில் கூடித் திட்டம் போட்டார்கள். சனி மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி, மரக்கறிக்காரருக்குப் புறம்பான சட்டி, ஞாயிறு காலை இடியப்பம், யாரிடம் பெரிய பானை இருக்கிறது, யாருடைய காரில் அரிசி மூட்டை வரும். எல்லாரும் நல்ல மனுஷர், ஒவ்வொருவரும் ஒரு பொறுப்பைத் தூக்கிக்கொண்டார்கள். ஆனால் கரவான் எங்களுக்குக் கிடைத்தது என்பதால் நாங்களே வீட்டுக்காரர், நாங்கள்தான் உபசரிக்க வேண்டும். அம்மா வேலை முடிந்து வந்த கோலத்திலேயே, வீங்கிய காலோடு, தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

போனோம். அந்த இரண்டு நாளைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் குறைவு. ஏரி முழுக்க எங்கள் சத்தம்தான். கரவான் குசினியாயிற்று, படுக்கைகள் கைக்குழந்தைகளுக்கும் அவர்களின் தாய்மாருக்கும் போயின. ஆண்கள் எல்லாரும் ஒரு பெரிய கூடாரத்தில், பெண்கள் மற்றதில். அப்பாவை அங்கிள்மார் தூண்டிலோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா வெங்காயம் உரித்தார், இறைச்சி வெட்டினார், யாருக்கு உறைப்பு ஆகாது என்று கேட்டுக்கேட்டுப் பரிமாறினார். ஞாயிறு காலை இடியப்பம் பிழிந்து முடிந்ததும் எல்லாரும் படகு பார்க்க இறங்குதுறைக்குப் போனோம். பானைகளைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று அம்மா நின்றுவிட்டார். பெரிய பானையைத் தூக்கிக் கொடுக்க வேண்டுமென்று அப்பாவும் நின்றார்.

இறங்குதுறையில் கொஞ்ச நேரத்தில் எனக்கு அவர்களை நினைத்துப் பாவமாகப் போய்விட்டது. திரும்பி ஓடினேன். கரவானுக்குப் பின்னால் தண்ணீர்க்குழாய் அடியில் பானைகள் அப்படியே கிடந்தன. அப்பா பெரிய பானையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா சுருங்கிய சேலைத்தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி யாரையோ மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் முன்பு பார்த்ததில்லை. அவர்கள் என்னைக் காணவில்லை.

நான் பார்த்ததெல்லாம் கழுவாத பானைகளைத்தான். இந்த வேகத்தில் போனால் இரண்டு பேரும் படகைப் பார்க்கவே மாட்டார்கள் என்று பதறி, மறுபடியும் இறங்குதுறைக்கு ஓடினேன். அம்மா தனியக் கழுவுறா என்று அன்ரிமாரிடம் முறையிட்டேன். கேட்ட மாத்திரத்தில் நாலு பேர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு விரைந்து வந்தார்கள். எவ்வளவு நல்ல மனம் அவர்களுக்கு.

"விடுங்கோ அக்கா, உங்களுக்கு ஏன் இந்தப் பாடு," என்று ஒருவர் அம்மாவின் கையிலிருந்த பஞ்சை வாங்கினார். பெண்கள் வந்துவிட்ட இடத்தில் தனக்கு வேலையில்லை என்று அப்பா எழுந்து, பானையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, தூண்டில்காரரிடம் போனார். அம்மா அவர் மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"நல்ல பிள்ளை," என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம், இருபத்துமூன்று பேரிலும் அம்மாவைக் கவனித்தது நான் ஒருத்திதான் என்று கார்ச் சன்னலோரம் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.