பாண் வானின் கூரையில் ஒரு வளையம்

என் மாமா புகைப்படம் பார்க்கும்போது முதலில் அதில் இருக்கும் மனிதர்களின் முகங்களை மறைத்துவிடுவார். அதற்கென்றே யாருடையதோ கலியாண அழைப்பிதழைக் கீலம் கீலமாக வெட்டி ஒரு தீப்பெட்டிக்குள் வைத்திருந்தார். முகம் தெரிந்தால் கண் அங்கேதான் போகும், பின்னால் நிற்கும் கருவியின் ஆணிகளை எண்ண விடாது என்பது அவருடைய கட்சி.

அப்போது நாங்கள் மெல்பேர்னில், கிளேட்டனில் இருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பியான மாமா, பல்கலைக்கழகத்தில் பழுதான அளவுக் கருவிகளைத் திருத்தும் வேலை கிடைத்து வந்து எங்கள் முன்னறையில் குடியேறியிருந்தார். சனிக்கிழமையானால் ஊரே கடற்கரைக்குப் போகும். மாமா பழைய சாமான் கடைகளுக்குப் போய், யார் யாரோ கழித்துவிட்ட ஆல்பங்களைக் கிளறிக்கொண்டிருப்பார். அவர் தேடியது ஒன்றைத்தான்: போர்க்காலத்தில் ஜெர்மன் படைகள் பயன்படுத்திய கருவிகள் தெரியும் படங்கள். தூரம் அளக்கும் நீண்ட குழாய்கள், விமானச் சத்தத்தை ஒட்டுக்கேட்கும் பிரம்மாண்டமான ஊதுகுழல்கள், தேடுவிளக்குகள். படத்தின் மூலையில் அரைச் சக்கரம் தெரிந்தால் போதும், முழு வண்டியின் பெயரையும் சொல்லிவிடுவார். யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை அவருக்குப் பேசி வந்த பெண்ணின் படத்தை அம்மா கொண்டுவந்து நீட்டினார். மாமா பழக்கதோஷத்தில் முகத்தின் மேல் கீலத்தை வைத்துவிட்டு, பின்னால் மேசையில் இருந்த றேடியோ எந்தக் காலத்துச் சாமான் என்று விளக்கத் தொடங்கினார்.

"அந்தப் பிள்ளையின்ர முகத்தை எப்ப பாக்கப் போறாய் தம்பி?" என்று கேட்டுவிட்டு அம்மா படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மாமா ஒரு ஆங்கில மாத இதழுக்குச் சந்தா கட்டியிருந்தார். அது மாதாமாதம் ஒரு படத்தைப் போட்டு, இது என்ன கருவி என்று வாசகர்களைக் கேட்கும். மாமாவின் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருந்ததால் பதிலை எழுதுவது என் வேலை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, கடைசியில் அவர் பெயரையும் நானே அழகாகப் போட்டு, தபாலில் சேர்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. ஒரு தடவையாவது மாமாவை முந்தி விடையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவருடைய தடித்த புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டுவேன். ஒரு தடவையும் முந்தியதில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு ஜெர்மன் பெண்மணி தனியாக இருந்தார். கணவர் முந்திய குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். அம்மா எங்களை அவரையும் அன்ரி என்று கூப்பிடப் பழக்கியிருந்தார். ஜெர்மன் அன்ரி ஒருநாள் ஒரு தட்டில் ஆப்பிள் கேக் கொண்டுவந்து தந்தார். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அம்மாவின் அகராதியில் இல்லை, வடை போனது. அன்ரி விஷயத்தை உடனே பிடித்துக்கொண்டார். அதன்பின் அந்த ஒரே தட்டு, கேக்கும் வடையுமாக இரண்டு வருடம் வேலிக்கு மேலால் போய் வந்துகொண்டிருந்தது. யார் வீட்டுத் தட்டு என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

ஒரு ஞாயிறு மத்தியானம் அன்ரி தட்டோடு ஒரு புகைப்படத்தையும் கொண்டுவந்தார். குசினிக் கதிரையில் உட்கார்ந்து அதை மாமாவின் முன்னால் வைத்தார். ஒரு பாண் வான், ரொட்டி ஏற்றிப் போகிற வண்டி. பக்கவாட்டில் பேக்கரியின் பெயர். அதன் அருகில் சீருடையில் இளவயதுக் கணவர், சிரித்தபடி. போர் முழுவதும் படைகளுக்குப் பாண் கொண்டுபோய்க் கொடுத்ததாகத்தான் அவர் மனைவியிடம் சொல்லியிருந்தார். ஆனால் வானின் கூரையில் ஒரு துணி பாதி விலகி, அடியில் ஒரு பெரிய வளையம் தெரிந்தது. கணவர் உயிரோடு இருந்தவரை அன்ரி அதைப் பற்றிக் கேட்கவில்லை. படத்தைச் சுவரில் மாட்டவும் இல்லை. இப்போது மாட்ட ஆசையாக இருக்கிறது, அது என்னவென்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

அந்த வளையம் எனக்குத் தெரியும். தடித்த புத்தகத்தில் கோட்டுப் படமாகவே இருந்தது. திசை காட்டும் ஆன்டெனா. ஜெர்மன் படைகளுக்கு எதிராகக் களவாக வானொலியில் செய்தி அனுப்புகிறவர்கள் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கிற கருவி.

மாமா தீப்பெட்டியைத் திறந்து கீலத்தை எடுத்து முகத்தின் மேல் வைத்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் என்றைக்கும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். கீலத்தை எடுத்துவிட்டு அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்தார். அடுத்து அன்ரியின் முகத்தைப் பார்த்தார்.

பாண் கூடைகள் விழாமல் தார்ப்பாயைக் கட்டுகிற வளையம், இந்த வகை வானில் அது வழக்கம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"இல்லை மாமா, அது..." என்று நான் தொடங்க, "சும்மா இரு பிள்ளை" என்று தமிழில் அடக்கிவிட்டார். அன்ரி அழுதார், சிரித்தார், மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே படம் புதுச் சட்டத்துக்குள் அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஏறியது.

மாமா தோற்றுவிட்டார், நான் வென்றுவிட்டேன் என்பதைத் தவிர வேறொன்றும் என் மண்டையில் ஏறவில்லை. இதழுக்கு அனுப்பிய பதிலில் பிழை வந்தால் மாமா அடுத்த தபாலிலேயே திருத்தம் அனுப்புவார். அவருக்குப் பிழை என்பது பல்லில் அகப்பட்ட நார். ஆகவே நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வழமையான பாணியில், முன்பு சொன்னதில் தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறேன் என்று தொடங்கி, வளையத்தின் உபயோகத்தை மூன்று பத்தியில் எழுதினேன். வழமைபோலவே அடியில் மாமாவின் பெயரைப் போட்டேன். அம்மா பயற்றம் பணியாரம் வைத்துத் தந்த தட்டில், பணியாரத்துக்கு அடியில் கடிதத்தைச் செருகிக்கொண்டு போனேன்.

அன்ரி கடிதத்தைக் கண்டெடுத்து வாசலில் நின்றபடியே வாசித்தார். தாளில் எண்ணெய் பட்டிருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் தரமும் வாசித்தார். வீட்டைக் கண்டுபிடித்த பிறகு உள்ளே இருப்பவர்களை என்ன செய்வார்கள் என்று மெதுவாகக் கேட்டார். கருவியின் எடை, அலைநீளம், எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. இல்லையென்றே சொன்னேன். மாமா சொல்லச் சொல்ல எழுதுவது நான்தான் என்று அன்ரிக்கு முன்பே தெரியும். என் கையெழுத்து மிக அழகானது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வாசற்படியில் தட்டு இருந்தது. பளிச்சென்று கழுவித் துடைத்த வெறுந்தட்டு. பணியாரம் கல்லாகிவிட்டதோ என்று அம்மா கவலைப்பட்டார். என்னை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். கதவு திறக்கவில்லை. யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

அன்று மாலை மாமா வேலையால் வந்ததும் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்றுகூட நான் நினைக்கவில்லை. மெச்சுவார் என்றே காத்திருந்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஆற்ர பேர் போட்டனி?"

"உங்கட பேர்தான் மாமா. எப்பவும் போடுறதுதானே."

"ஓம்," என்றார். "எப்பவும் போடுறதுதான்."

மாமா தானே குசினிக்குள் போய், இருந்த வடைகளைத் தட்டில் அடுக்கி, அன்ரியின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் வேலியோடு நின்று பார்த்தேன். கதவைத் தட்டினார், நின்றார், மறுபடி தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது. கடைசியில் வடை குறையாமல் அப்படியே திரும்பி வந்தார். அதன்பின் தட்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அம்மா அதில் ஒருநாளும் எதையும் பரிமாறவில்லை.

அந்தக் கருவி காட்டிக்கொடுத்த வீடுகளுக்குள் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று மாமாவையும் கேட்டேன். புத்தகத்தில் இல்லாதது மாமாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

அடுத்த மாத இதழில் ஒரு தேடுவிளக்கு வந்திருந்தது, சுற்றிலும் ஐந்து சிப்பாய்கள். சுலபமான படம், எனக்கே தெரிந்துவிட்டது. நான் பேனையும் தாளுமாகத் தயாராக உட்கார்ந்தேன். மாமா தீப்பெட்டியைத் தேடவே இல்லை. ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டேயிருந்தார். தேநீர் ஆறிப்போனது. கடைசியில், என்னவென்று தெரியவில்லை என்று சொல்லி இதழை மூடிவிட்டார்.

நான் குசினிக்கு ஓடிப்போய், மாமாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, ஒரு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவின் காதுக்குள் சொன்னேன்.