கிழக்கே பார்த்த படகும் என் பாத்ரூமும்

"வுடுடி, எத்தினி நாளைக்குத்தான் அதையே சொல்லிக்காட்டுவ?" என்று என் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறார். சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவேன். நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் பாத்ரூமை இடித்தவர்களை நான் ஏன் சும்மா விட வேண்டும்?

கடற்கரையில் எங்களுக்கு இருந்த வீட்டின் பின்சுவரைக் கடல் தின்றுவிட்டது. அதனால்தான் பாகூர்ப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கி வந்து சேர்ந்தோம். மீன்காரக் குடும்பம், சுற்றிலும் கரும்புக்காரர்கள். அவர்களும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. வீடு எழும்பியது, கூரை வந்தது, டிவிக்கு அலமாரி கூட வந்தது. பாத்ரூம் மட்டும் வரவில்லை. "நாளைக்குக் கொத்தனாரைக் கூப்பிடறேன்" என்று ஐந்து வருஷம் சொன்னார் மனுஷன். அந்த ஐந்து வருஷமும் நானும் என் மகளும் பழைய புடவையைக் கயிற்றில் கட்டி மறைவு பண்ணிக்கொண்டு, கட்டின பாவாடையோடு குளித்தோம். பின்பக்கத்துக் கரும்பு ஆள் உயரம் நிற்கிற வரைக்கும் ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். வெட்டிவிட்டார்கள் என்றால் போச்சு. ரோட்டில் போகிற டிராக்டர் டிரைவருக்கு எங்கள் சொம்பு தெரியும். விடிவதற்கு முன்னால் எழுந்து பயந்து பயந்து இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வருவதற்கு யாராவது குளியல் என்று பேர் வைப்பார்களா?

கடைசியில் நானே கொத்தனாரைக் கூப்பிட்டேன். நானே சித்தாளாக நின்று கல் எடுத்துக் கொடுத்தேன், கலவை குழைத்தேன். நாலு சுவர், மேலே சிமெண்டு ஷீட்டு, உள்ளிருந்து போடுகிற தாழ்ப்பாள். முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. என் மகள் வந்து, "அம்மா, உயிரோட இருக்கியா?" என்று கதவைத் தட்டினாள்.

அது முடிந்த மறு வருஷம் படகுப் பேச்சு வந்தது.

சொந்தப் படகு வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் ஆசை. படகு கட்டத் தெரிந்தது எனக்கு. இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு ஃபைபர் கம்பெனியில் எட்டு வருஷம் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்தவள் நான். ரெசின் பசை இறுக எவ்வளவு ஹார்ட்னர் ஊற்ற வேண்டும், வெயில் நாளில் எவ்வளவு குறைக்க வேண்டும், மேட்டு என்கிற கண்ணாடி நார் விரிப்பைக் காற்று அடைக்காமல் எப்படி உருட்ட வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் படகில் ஏறி உட்காரத்தான். தோட்டத்தில் இடம் இருக்கிறது, நாமே கட்டிவிடலாம் என்று முடிவானது. முப்பது அடிப் படகு. அச்சு வாடகைக்கு வந்தது. நீளவாக்கில் இரண்டு பாதியாக வரும், உள்ளே கொண்டுவந்து போல்ட்டு போட்டு ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும்.

அச்சு வைக்கிற அன்று பூஜைக்கு என் மூத்தார் வந்தார், என் வீட்டுக்காரருடைய அண்ணன். கடற்கரையில் யார் படகு கட்டினாலும் அவர்தான் முன்னால் நின்று சாஸ்திரம் சொல்வார். வந்தவர் சூரியனைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார். படகின் மூக்கு கிழக்கே இருக்கிற மாதிரி அச்சைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

நான் கும்பிட்ட கையோடு கேட்டேன். "மாமா, வழி மேற்கால இருக்குது. கெழக்கால பக்கத்து வூட்டு மதிலு. நாளைக்கு எப்படி வெளிய எடுக்கறது?"

"படகு கடலப் பாத்துதாம்மா பொறக்கணும்" என்றார்.

"கடலு ஏழு கிலோமீட்டர் தள்ளியில்ல இருக்குது?"

"எங்க இருந்தா இன்னா? தெசைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடியிருக்கவே கூடாது.

எட்டு மாதம் அந்தப் படகுக்குள்தான் குடியிருந்தேன். வீட்டு வேலை முடித்து, தேங்காய் எண்ணெயைக் கை கால் எல்லாம் பூசிக்கொண்டு, பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவேன். மேட்டை விரிப்பேன், ரெசின் தடவுவேன், ரோலரால் உருட்டுவேன். காய்ந்ததும் அடுத்த மேட்டு. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகாத நாட்களில் கலந்து கொடுப்பார், மரச்சட்டம் வைத்துக் கொடுப்பார். தேய்க்கிற நாளில் கண்ணாடித் தூள் பறந்து கழுத்து மடிப்பில், முழங்கை மடிப்பில் எல்லாம் ஏறிக்கொள்ளும். அந்த அரிப்பு அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் களைந்து போட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றினால்தான் உயிர் வரும். பாத்ரூம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் படகில் ஒரு அடி கூட எழும்பியிருக்காது.

படகு முடிந்தது. அச்சைக் கழற்றினோம். நீல நிறத்தில் வழுவழுவென்று அவ்வளவு அழகாக நின்றது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் எல்லோரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழியைப் பார்த்தார்கள். மூக்கு கிழக்கே, வழி மேற்கே. எட்டு மாதத்துக்கு முன்னால் நான் சொன்னதை அன்றைக்குத்தான் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படியே பின்பக்கமா இழுத்துடுங்க. நேரா வெளிய வந்துடும்" என்றேன். நூல் பிடித்து அளந்தும் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒரு முழம் இடம் மிச்சம் இருந்தது.

மூத்தார் காதைப் பொத்திக்கொண்டார். "பின்பக்கமா வாசலத் தாண்டக் கூடாதும்மா. புதுப் படகு மூக்கு முன்னாலதான் போவணும்."

அப்படியென்றால் தோட்டத்துக்குள்ளேயே திருப்ப வேண்டும். திருப்ப இடம் போதாது. எதையாவது இடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு மதிலைக் கேட்டார்கள், அவர் முடியாது என்றார். வேப்பமரத்தை வெட்டலாமா என்றார்கள், அதில் அம்மன் இருக்கிறாள் என்றார்கள். ஆம்பளைகள் ஆறு பேர் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எல்லார் கண்ணும் கடைசியில் என் பாத்ரூமில் போய் நின்றது.

"கை வெச்சிங்கன்னா நடக்கறதே வேற" என்றேன்.

"சரிடி, சரி. வேற வழி பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நம்பினேன். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் படகு வீட்டை விட்டுக் கிளம்ப நேரம் குறித்திருந்தது. ஏழு மணிக்கே என்னைப் பாகூர்க் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், படகு மூக்குக்குச் சாமந்தி மாலை. மாலை ரெடியாக இருப்பதை வாங்கக் கூடாதாம், பக்கத்தில் நின்று கட்டச் சொல்லி வாங்க வேண்டுமாம். நின்றேன். பூக்காரம்மாவிடம் படகைப் பற்றிப் பெருமை வேறு அடித்தேன்.

ஆட்டோவில் திரும்பி வந்து இறங்கும்போதே ஜேசிபி எதிரே போனது. அதன் வாயில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. உள்ளே ஓடினேன். படகு திரும்பி, மூக்கு மேற்கே பார்க்க, டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. என் பாத்ரூம் இருந்த இடத்தில் செங்கல் குவியல். கதவு தனியாக மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. சோப்பு டப்பா மண்ணில் கிடந்தது. என் மகள் செருப்புக் கூடப் போடாமல் நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் வேணாம்னேம்மா. யாருமே கேக்கல" என்றாள்.

அடப்பாவிகளா! என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. கடற்கரையிலிருந்து வந்திருந்த பதினைந்து ஆம்பளைகளும் தரையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர், "ஒரு வாரத்துல கட்டித்தரேன்டி, சத்தியமா" என்றார். அந்த வாயால்தான் ஐந்து வருஷம் நாளைக்கு என்று சொன்னார்.

மூத்தாருக்கு என் கூச்சல் எதுவும் காதில் ஏறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாவுதும்மா. பத்தரைக்கு ராகு காலம். வூட்டுப் பொம்பளதான் ஈரத் தலையோட வந்து மூக்குக்கு மஞ்ச குங்குமம் வெக்கணும். சீக்கிரம் தலைக்குக் குளிச்சிட்டு வா" என்றார்.



"எங்க மாமா குளிக்கறது?" என்றேன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செங்கல் குவியலைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"பக்கத்து வூட்ல கேட்டு..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"அடுத்த வூட்ல போயி கெஞ்சிக் குளிக்கவா நான் கல்லு சொமந்து கட்டுனேன்?" என்றேன். சுற்றிப் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் மறைவாக இடுப்புக்கு மேல் சுவர் என்று மிச்சம் இருந்தது ஒன்றுதான், படகு. படகை டிரெய்லரில் கட்ட வைத்த ஏணி இன்னும் அதன் மேலேயே சாய்ந்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். "ரெண்டு குடம் தண்ணி எடுத்தாடி" என்று மகளிடம் சொல்லிவிட்டு ஏறினேன்.

"ஐயையோ! எறங்கும்மா! படகுல பொம்பள கால வெக்கக் கூடாது!" மூத்தார் ஓடி வந்தார்.

ஏணி நடுவில் நின்றே கேட்டேன். "எட்டு மாசம் இதுக்குள்ள யாரு கெடந்தது மாமா? நீங்களா?"

"அப்ப அது வேலம்மா. இப்ப அது படகு."

உழைக்கிற வரைக்கும் உள்ளே இருக்கலாம், முடிந்துவிட்டால் கால் வைக்கக் கூடாது. அவர் அதைக் குறும்பாகவோ கெட்ட எண்ணத்திலோ சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் என்னை இன்னும் எரித்தது. உள்ளே இறங்கினேன். மேலே தார்ப்பாயை இழுத்து மூடினேன். மகள் ஏணியில் நின்று குடத்தைக் கொடுத்தாள். நான் உருட்டி உருட்டி ஒட்டிய தரையில் உட்கார்ந்து, தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். தண்ணீர் வடிவதற்காகப் பின்பக்கம் விட்டிருந்த ஓட்டை வழியாக அது சொட்டுவது மட்டும் கேட்டது.

ஈரத் தலையோடு நான் இறங்கும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டார். "இனி இது இன்னிக்குப் போவாது. மஞ்சத் தண்ணி வுட்டுக் கழுவி, ஒம்போது நாளு பொம்பள கால் படாம நிறுத்தி, அப்புறந்தான் கடலுக்கு" என்றார்.

"ஒம்போது நாளு எப்பலேருந்து மாமா?"

"கடைசியா கால் பட்ட நாள்லேருந்து."

"அப்ப நாளைக்குக் காலையிலயும் குளிப்போம். நானும் குளிப்பேன், எம்பொண்ணும் குளிப்பா. எங்களுக்கு வேற எடம் இல்ல" என்றேன். டிராக்டர்காரர் டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டே வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

சொன்ன மாதிரியே குளித்தோம். காலையில் காலேஜுக்குக் கிளம்புவதற்கு முன் அவள், வேலையெல்லாம் முடித்து நான். சோப்பு, சீயக்காய், மஞ்சள் எல்லாம் படகுக்குள்ளேயே குடியேறின. கரும்புக்காரர் வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, "நல்லா விசாலமாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் முதல் நாள் கத்தினார். இரண்டாம் நாள் கெஞ்சினார். மூன்றாம் நாள் காலை, நான் கூப்பிடாமலே கொத்தனார் வாசலில் நின்றார். கடற்கரையிலிருந்து இரண்டு ஆள் சித்தாளுக்கு வந்தார்கள். அதில் ஒருவர் என் மூத்தார். அவர் வாயைத் திறக்காமல் செங்கல் சுமந்தார், நானும் வாயைத் திறக்காமல் டீ கொடுத்தேன்.

சுவர் எழும்பியது, பூச்சு காய்ந்தது, கதவு மாட்டினார்கள். இந்த முறை டைல்ஸ் கூடப் போட்டார்கள், நான் கேட்கவே இல்லை. தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, இனி படகைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஒன்பது நாள் கழித்து ஈரத் தலையோடு குங்குமம் வைத்தேன். மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு படகு வாசலைத் தாண்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், என் படகு ஆயிற்றே.

பாத்ரூம் கட்டி முடிக்க அவர்களுக்கு எட்டு நாள் ஆனது. வெறும் எட்டு நாள். அப்படியென்றால் என்னையும் என் மகளையும் ஐந்து வருஷம் எதற்காகப் புடவை மறைவில் நிற்க வைத்தார்கள்? இதை என் வீட்டுக்காரரிடம் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கடலுக்குக் கிளம்பிவிடுகிறார்.