சீரியலில் வந்த என் லினக்ஸ்
திருத்தணி பஸ் நிலையத்தருகே கம்ப்யூட்டர் சென்டர் வைத்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைச் சொல்லித் தந்தேன். டிவி சீரியல் எடுக்க வந்தவர்கள் என் கணினியைக் கேட்டார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓட வேண்டுமாம். ஓடவிட்டேன். பெருமையாக இருந்தது, மாணவர்களையும் பார்க்கச் சொன்னேன்.

ஒளிபரப்பானபோது அது வங்கிக் கொள்ளைக்காரனின் கணினி. போலீஸ் மேசைகளில் எல்லாம் விண்டோஸ்.

மறுநாள் ஒரு மாணவியின் அப்பா பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார்.

"இன்னா சார், திருட்டுப் பசங்க சிஸ்டத்தையா எம் பொண்ணுக்குக் கத்துக் குடுத்துகினு இருக்கீங்க?"

"அது கதைங்க. அந்த எழுத்தே அவங்களுக்காக நான் ஓடவிட்டது."

"ஆங், அதுவும் நீங்கதானா?"

மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே இன்னும் நாலு பேர் வருவதை நிறுத்தினார்கள். எல்லாக் கணினியிலும் லினக்ஸை என் கையாலேயே அழித்து, விண்டோஸ் போட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.