நூறு ஆக்டேன் பெட்ரோலும் விக்கிரவாண்டியில் போன முகூர்த்தமும்

போன வைகாசியில் என் தங்கை செல்வியின் மகள் ரேவதிக்குக் கண்டாச்சிபுரத்தில் கல்யாணம். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய தாய்மாமன் நான் ஒருவன்தான். முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிடச் சொன்னாள் செல்வி. காலையில் என் காரில் வருகிறேன் என்றேன். பழைய கார் வைத்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆசைப்பட்டு எழுதவில்லை.

என்னுடையது 1997-ஆம் வருடத்து கார்புரேட்டர் வண்டி. சாதா பெட்ரோல் போதும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. நான் மூன்று மாதம் வீடியோ பார்த்தேன். நூறு ஆக்டேன் ஊற்றினால் வண்டி பறக்கும் என்று நம்பி, லிட்டர் நூற்றறுபதுக்கு மேல் கொடுத்து ஊற்றினேன். அதற்கேற்ப இக்னிஷன் டைமிங்கையும், அதாவது எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தையும், நானே முன்னால் தள்ளி வைத்தேன். ஆக்டேன் என்பது சக்தி இல்லை. எஞ்சினுக்குள் அழுத்தும்போது பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துவிடாமல் தாங்கும் தன்மை, அவ்வளவுதான்.

தாம்பரத்தில் ஐந்தரைக்குக் கிளம்பினேன். வழக்கமான பங்கில் நூறு ஆக்டேன் தீர்ந்திருந்தது. வழியில் கிடைக்காமலா போகும் என்று விட்டுவிட்டேன். சுமார் 95 கிலோமீட்டர் தாண்டி, ஏழேகாலுக்குத் திண்டிவனம் வந்தபோது பெட்ரோல் முள் அடியில் கிடந்தது.

"நூறெல்லாம் இங்க வர்றதில்லீங்க. சாதாதான் இருக்குது" என்றார் பங்கில் இருந்த அம்மா. வேறு வழியில்லாமல் பதினைந்து லிட்டர் போட்டேன். பைபாஸில் ஏறி வேகமெடுத்ததும், தகர டப்பாவில் மல்லாட்டைக் கடலையைப் போட்டுக் குலுக்கியதுபோல் எஞ்சினில் சத்தம். முன்னால் தள்ளிய டைமிங்குக்கு அந்தப் பெட்ரோல் தாங்கவில்லை. அங்கேயே நிறுத்தி டைமிங்கைப் பழையபடி வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். நேரமாகிறதென்று இன்னும் அழுத்தினேன்.

ஏழு ஐம்பதுக்கு, விக்கிரவாண்டிக்குச் சற்று முன்னால், சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி. வண்டி நின்றுவிட்டது.

தங்கை வீட்டுக்காரர் ஏழுமலைக்கு போன் செய்தேன். "மச்சான், காரை ஓரங்கட்டிட்டு பஸ் ஏறுங்க, ஜல்தி. அத்தக் காத்துக்கினு நிக்காதீங்க" என்றார். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றேன். கண்ணெதிரிலேயே விழுப்புரம் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றிலும் நான் ஏறவில்லை.

பக்கத்து ஷெட்டிலிருந்து மெக்கானிக் அன்பு வரும்போது எட்டே முக்கால். திறந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் நிமிர்ந்தார். "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க. எஞ்சின பிரிச்சு ஷெட்டுலதான் பாக்கணும். டைமிங்க இவ்ளோ முன்னால வெச்சது யாரு?"

"நான்தான்."

"நல்லா இருந்த வண்டிய ஏன் சார் பேஜாரு பண்ணிக்கினீங்க?"

ஒன்பதரைக்குத்தான் வாடகைக் கார் கிடைத்தது. விழுப்புரத்தில் போக்குவரத்து நெரிசல். மண்டபத்தில் இறங்கும்போது மணி பத்து ஐம்பது. தாலி கட்டியாகிவிட்டது. தங்கப் பட்டம் என் சட்டைப் பையில் இருந்ததால் ரேவதியின் நெற்றியில் மல்லிகைச் சரத்தைக் கட்டியிருந்தார்கள். கட்டியவன், என்னோடு ஆறு வருடமாகப் பேசாத சித்தப்பா மகன். பந்தியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிரித்திருந்தால் தேவலை.

செல்வி அழவில்லை. "மூணு மாசமா வண்டிக்கு இன்னா ஊத்தறதுன்னு யோசிச்சியேண்ணா. ஒரு நாள் முன்னாடி வரணும்னு தோணலியா உனக்கு?" என்றாள். பட்டத்தை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் பீரோச் சாவியோடு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து ரயிலில் விழுப்புரம் போய், அங்கிருந்து அன்புவின் ஷெட்டுக்குப் போய் வண்டியை எடுத்துவந்தேன். பழைய டைமிங், சாதா பெட்ரோல். தாம்பரம் வரை ஒரு சத்தமும் இல்லை.

பழைய வண்டிக்காரர்களே, கையேடு சொல்வதைப் போடுங்கள். சத்தம் கேட்டால் விலையுயர்ந்த பெட்ரோலைத் தேடாமல் டைமிங்கையும் எஞ்சினில் படிந்த கரியையும் பாருங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்களை மாற்றிவிடுங்கள். முகூர்த்தத்துக்கு என்றால் முந்தின நாள் மாலையே பஸ் ஏறுங்கள்.

செல்விக்கு அதன்பிறகு மூன்று முறை போன் செய்தேன். கடைசி முறை ஏழுமலை எடுத்தார். "அவ தூங்கறா மச்சான்" என்றார். அப்போது காலை பதினோரு மணி.